ஊர்க் காவலுக்குத் தம்பி பெயரைக் கொடுத்திருக்கிறார்கள்: தன்னார்வலருக்குக் கடலில் என்ன அதிகாரம் இருக்கிறது?

நண்டுவலை வீட்டுப் பெண் எழுதியது:

வேம்பாருக்குக் கிழக்கே உள்ள ஒரு சிற்றூர் எங்களுடையது. பெயரை எழுதவில்லை. எழுதினால் எந்த வீட்டுப் பெண் எழுதினாள் என்பது நாளைக் காலை மீன் ஏலத்துக்கு முன்பே தெரிந்துவிடும்.

எங்கள் ஊரில் விசைப்படகு கிடையாது. வல்லமும் ஃபைபர் படகும் சேர்த்து 40-க்குக் கொஞ்சம் மேல் இருக்கும். அப்பா நண்டு வலை போடுகிறார். மாலையில் வலையை விட்டுவிட்டு வந்து, விடியும்முன் போய் எடுப்பார். போன மாதம் மூன்று இரவுகள் ஏதோ ஒரு துறைமுகத்து விசைப்படகுகள் கரைக்கு அருகிலேயே இழுவை மடியை (கடலடியை வாரிச் செல்லும் வலையை) இழுத்துப் போனதில் ஒன்பது வீட்டு வலைகள் காணாமல் போயின. அப்பாவுக்குத் திரும்பக் கிடைத்தது ஒரு மிதவையும் நான்கு பாகம், அதாவது நாலு கைவீச்சு நீளக் கயிறும்தான். அந்தக் கயிற்றைச் சுருட்டி வாசலில் வைத்திருக்கிறார். அம்மா எடுத்து உள்ளே வைத்தால் மறுபடியும் வெளியே கொண்டுவந்து வைக்கிறார்.

கோயில் முற்றத்தில் ஊர்க் கூட்டம் போட்டார்கள். ஆறு இளைஞர்கள் முறைவைத்துக் காவல் இருப்பது, இருவர் கரையில், இருவர் வல்லத்தில், மற்ற இருவருக்கு அன்று ஓய்வு என்று முடிவாயிற்று. விவரம் சொல்லப் போன கமிட்டிக்காரர்களிடம் ஓர் அலுவலகத்தில், “பெயர்ப் பட்டியல் கொடுங்கள், தன்னார்வலர் என்று அடையாள அட்டையும் மேல்சட்டையும் தருகிறோம்” என்றார்களாம். பட்டியலில் இரண்டாவது பெயர் என் தம்பியுடையது. வயது 22. இப்போதே நடை மாறிவிட்டது. நேற்று டார்ச் விளக்கு வாங்கி வந்து, அதை என் முகத்தில் அடித்து, “யார் அது, படகை நிறுத்து” என்று பழகிக்கொண்டிருந்தான்.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். அந்த அட்டையைக் காட்டி இவன் ஒரு படகை நிறுத்த முடியுமா? அவர்கள் நிறுத்தாமல் போனால் என்ன செய்ய வேண்டும்? இவனுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அம்மாவின் தம்பி விசைப்படகில்தான் கூலிக்குப் போகிறார். நாளைக்கு மாமா இருக்கும் படகையே இவன் படம் பிடித்துக் கொடுக்க நேர்ந்தால்?

நான் விலங்கியல் படித்தவள். சாகர் மித்ரா பணிக்கு விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறேன். அவர்களுக்கும் இந்தக் காவல் வேலை உண்டு என்று ஒருவர் சொன்னார். அது உண்மையா?


மூன்றுநாள் கடல் எழுதியது:

தங்கச்சி, நான் ராமேசுவரத்தில் விசைப்படகு வைத்திருப்பவன். உங்கள் அப்பாவின் வலை போனதற்கு வருந்துகிறேன். இதைப் பேச்சுக்குச் சொல்லவில்லை. என் அப்பாவும் வத்தை என்கிற சிறு நாட்டுப்படகில் போனவர்தான்.

ஆனால் தன்னார்வலர் என்றாலே எங்களுக்கு வயிறு எரிகிறது. இங்கே பாக் நீரிணையில் திங்கள், புதன், சனி மட்டும் நாங்கள் போகிறோம், மற்ற நான்கு நாளும் நாட்டுப்படகுக்கு. டோக்கன் வாங்கிக்கொண்டுதான் புறப்பட வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் நிற்கிறது. முன்பு 45 நாளாக இருந்ததை 2017-இல் கூட்டினார்கள். கரையோரம் போகக் கூடாது, பாறையில் மடி கிழியும், அதற்கு அப்பால் போனால் இலங்கை எல்லை. இத்தனைக்கும் நடுவில் ஒரு கீற்றுக் கடலில் நாங்கள் ஓட்டுகிறோம். அங்கே வந்து ஒரு பையன் டார்ச் அடித்து ‘நில்’ என்றால் என்ன சொல்வது?

காவல் வைப்பதாக இருந்தால் எல்லோருக்கும் வையுங்கள். மீன் கூட்டத்தை வளைத்துப் பிடிக்கும் சுருக்குமடி வலைக்கு 2000-ஆம் ஆண்டிலேயே தடை வந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று இடைக்கால அனுமதி கொடுத்தது. அந்தப் படகு 12 மைலுக்கு வெளியேதான் வளைக்கிறதா என்று எந்த ஊர் இளைஞர் போய்ப் பார்த்தார்? உள்ளூர்க் கமிட்டி அமைக்கும் காவல் உள்ளூர்க்காரனைப் பிடிக்காது. இதுதான் என் வழக்கு.


பழைய ரோந்துக்காரன் எழுதியது:

மகளே, மீன்துறையில் சார் ஆய்வாளராகச் சேர்ந்து, ஆய்வாளராக ஓய்வு பெற்றவன் நான். கொஞ்சம் நீளமாக எழுதுவேன். பென்ஷன்காரனுக்கு வேறு வேலை இல்லை.

முதலில் உன் முதல் கேள்வி. முடியாது. அட்டையைக் காட்டிப் படகை நிறுத்த முடியாது.

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் வந்தது. கட்டுமரக்காரரும் விசைப்படகுக்காரரும் கடலிலும் கரையிலும் மோதி, படகுகளைக் கொளுத்தி, உயிர்களும் போன பிறகு வந்த சட்டம். படகில் ஏறவும் சோதிக்கவும் படகைப் பிடித்து வைக்கவும் அந்தச் சட்டம் ஒருவருக்குத்தான் அதிகாரம் தருகிறது. அவருக்குப் பெயர் ‘அதிகாரம் பெற்ற அலுவலர்’. அரசு அறிவிக்கை வெளியிட்டு அந்த அதிகாரத்தைக் கொடுக்க வேண்டும். பிடித்து வந்த பிறகு விசாரித்துத் தண்டம் விதிப்பவர் வேறோர் அதிகாரி. இந்த இரண்டு பேருக்கும் இடையில் உன் தம்பிக்கு எங்கே இடம்? அறிவிக்கையில் இல்லாத ஒருவன் அடுத்தவன் படகில் காலை வைத்தால் அத்துமீறி நுழைந்தவன் அவன்தான். காவல் நிலையத்தில் புகாரை முதலில் கொடுப்பவர் படகுக்காரராக இருப்பார்.

‘கண் முன்னால் குற்றம் நடந்தால் பொதுமக்களே பிடிக்கலாமே’ என்று யாராவது கமிட்டியில் சொல்வார்கள். எப்போதும் ஒருவர் சொல்வார். அந்த உரிமை, பிணையில் விட முடியாத, காவல்துறை தானே கைது செய்யத்தக்க குற்றங்களுக்கு மட்டும் உரியது. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு மடி இழுக்கக் கூடாது என்பது விதி. அதை மீறுவது அந்த வகையில் சேராது.

பாதுகாப்புக்கு வருகிறேன். பணியில் இருக்கும் அரசு ஊழியரைத் தாக்கினால் அப்போது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 353-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 132. படகுக்காரர்களுக்கு அந்த எண் நன்றாகத் தெரியும். என் மீது கை வைக்காமல் அவர்களைத் தடுத்தது என் தொப்பை அல்ல, அந்த எண்தான். தன்னார்வலர் அட்டை வைத்திருப்பவனைத் தாக்கினால் அது தெருச் சண்டைக் கணக்கில்தான் போகும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1990-களின் நடுவில், நான் பணியாற்றிய ஓர் ஊரில், இதே போலப் பட்டியல் வாங்கினோம். பன்னிரண்டு பெயர். அட்டையில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். எங்களிடம் ரோந்துப் படகு இருந்தது, டீசலுக்கான ஒதுக்கீடு வராமல் பாதி நாள் கட்டிக் கிடக்கும். ஆள் இல்லை, எண்ணெய் இல்லை. பிள்ளைகள் சொந்த வல்லத்தில், சொந்த மண்ணெண்ணெயில் போகத் தயாராக இருந்தார்கள். எங்களுக்கு வசதியாகப் போய்விட்டது. வசதி என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஒரு தேய்பிறை இரவில் இரண்டு பையன்கள் ஒரு விசைப்படகின் குறுக்கே வல்லத்தைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வேண்டுமென்று மோதினானா, தெரியாமல் மோதினானா என்பது கடைசி வரை முடிவாகவில்லை. வல்லத்தின் அணியம், அதாவது முன்பகுதி, பிளந்துவிட்டது. ஒருவன் வலை மிதவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடியும் வரை மிதந்தான். மற்றவனைத் தூக்கிக்கொண்டது அந்த விசைப்படகேதான். அதையும் சொல்ல வேண்டும். வல்லத்துக்கு இழப்பீடு கேட்டுப் பையனின் தந்தை மனு கொடுத்தார். ‘மேற்படி நபர் இத்துறையின் பணியாளர் அல்லர்’ என்று பதில் போயிற்று. அந்தப் பதிலின் வரைவை எழுதியவனும் நான்தான். அன்று கற்றுக்கொண்டேன், அட்டை வேறு, ஆணை வேறு. உங்கள் பக்கத்தில் கடல் அட்டையை (பிடிக்கத் தடை உள்ள கடல் உயிரியை) வைத்திருந்தால் வனத்துறை பிடித்துக்கொண்டு போகும். இந்த அட்டையை வைத்திருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அந்தப் பன்னிரண்டு பேரில் இரண்டு பேர் ஆறு மாதத்துக்குள் படகுக்காரர்களிடம் மாமூல் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள் என்பதும் உண்மை. சம்பளம் இல்லாத அதிகாரம் வேறு எங்கே போகும்?

அப்படியானால் யார்தான் காவல் காக்கிறார்கள் என்று கேட்பாய். மீன்துறைக்குள் கடல் அமலாக்கப் பிரிவு இருக்கிறது, காவல்துறையினர் அயல்பணியில் வந்து அதில் வேலை செய்கிறார்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமம் தனி. அதற்கு உதவியாக மீனவ இளைஞர்களை ஊர்க்காவல் படையில் எடுத்திருக்கிறார்கள். அது முறையான நியமனம், பயிற்சி உண்டு, பணி நாளுக்குப் படி உண்டு. உங்கள் பக்கத்து உப்புத்தண்ணி, புலுவினிச்சல்லி, நல்லதண்ணித் தீவுகள் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அங்கே வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர்களாக உள்ளூர்ப் பிள்ளைகளே இருக்கிறார்கள். வனஉயிரினச் சட்டத்தில் கௌரவக் காப்பாளர் என்றே ஒரு பதவி உண்டு. தம்பிக்குக் காவல் வேலையில்தான் ஆசை என்றால் இந்த வாசல்களைத் தட்டட்டும்.

சாகர் மித்ரா அப்படி அல்ல. அது 2020-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் வரும் ஒப்பந்தப் பணி, மாதம் 15,000 ரூபாய் ஊக்கத்தொகை. அன்றாட மீன்வரத்து, விலை இவற்றைப் பதிவு செய்வதும் அரசுக்கும் மீனவருக்கும் நடுவில் நிற்பதும்தான் வேலை. படகு பிடிப்பது அல்ல. விலங்கியல் படித்தவர்களுக்கு இடம் உண்டு, விண்ணப்பி. யாராவது உன்னை ஜீப்பில் ஏற்றி ரெய்டுக்குக் கூப்பிட்டால், எந்த ஆணைப்படி என்று கேள்.

இனி, ஊர் என்ன செய்யலாம். பார்ப்பதும் எழுதுவதும் உங்கள் வேலை. பிடிப்பது அவர்கள் வேலை.

மைல் கணக்கில் மாட்டிக்கொள்ளாதே. முன்பு மூன்று கடல் மைல், இப்போது விதிப்படி ஐந்து, அதாவது ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். இரவில் கரையில் நின்று ஒரு விளக்கைப் பார்த்து அது நான்கு மைலா ஆறு மைலா என்று சொல்ல எனக்கு 30 வருடத்தில் வரவில்லை. கைப்பேசிப் படத்தில் பதிவாகும் இடக்குறிப்பு நீ நிற்கும் இடத்தைத்தான் காட்டும், படகு நிற்கும் இடத்தை அல்ல. விசாரணையில் எதிர்த்தரப்பு முதலில் கேட்பது அதைத்தான். ஆனால் மணிக் கணக்கு எளிது. தூத்துக்குடிப் பக்கத்து விசைப்படகு காலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்பது நீண்டகால நடைமுறை. இரவு ஒரு மணிக்கு உங்கள் ஊருக்கு நேரே ஒரு விசைப்படகு மடி இழுக்கிறது என்றால், தூரத்தை அளக்கும் முன்பே கேட்க ஒரு கேள்வி இருக்கிறது.

அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, மணி, காற்று, எந்தத் திசையில் பார்த்தது, எந்தத் திசைக்குப் போனது, எத்தனை விளக்கு. பதிவு எண் தெரிந்தால் எழுதுங்கள். அதில் எம்.எம். என்று வந்தால் விசைப்படகு, எம்.ஓ. என்று வந்தால் இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகு. எண்ணைச் சாக்குப் போட்டு மூடியிருந்தால் ‘மூடியிருந்தது’ என்று எழுதுங்கள், ஊகித்து எழுத வேண்டாம். இப்போது விசைப்படகுகளில் படகு இருக்கும் இடத்தைத் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் கருவியைப் பொருத்தி வருகிறார்கள். நீங்கள் கொடுக்கும் மணி சரியாக இருந்தால், அந்த நேரத்தில் எந்தப் படகு எங்கே இருந்தது என்று தேட அவர்களிடம் வழி உண்டு. ‘ராத்திரி வந்தான்’ என்று மட்டும் புகார் கொடுத்தால் அது கோப்பில் தூங்கும். அப்படித் தூங்கிய கோப்புகளுக்கு நான் தலையணை உறை மாற்றியிருக்கிறேன்.

வல்லத்தில் போயே ஆக வேண்டும் என்றால், கூடவே ஓர் அதிகாரம் பெற்ற அலுவலர் ஏறட்டும். அவர் ஏறாத இரவில் இவர்களும் ஏற வேண்டாம். ஊர்க் கமிட்டி ஒரு மனு எழுதட்டும்: தன்னார்வலரின் பணி என்ன, எல்லை என்ன, யாருடைய கட்டுப்பாட்டில், விபத்துக் காப்பீடு யார் கட்டுவது, வல்லம் சேதமானால் யார் தருவது. பதில் எழுத்தில், எண்ணும் தேதியும் போட்டு வர வேண்டும்.

உன் மாமா விஷயம். எல்லா ஊரிலும் எல்லாருக்கும் ஒரு மாமா விசைப்படகில் இருக்கிறார். அந்தப் படகைப் பார்த்த இரவில் நோட்டை அடுத்தவனிடம் கொடுத்துவிட வேண்டும் என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். தண்டம் பெரும்பாலும் விழுவது படகு உரிமையாளருக்கு, கூலிக்கு வந்தவருக்கு அல்ல. ஆனால் படகைப் பிடித்துவைத்தால் அவருடைய கூலியும் நிற்கும். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ராமேசுவரத்துத் தம்பிக்கு: உங்கள் வழக்கு நியாயமானது. நோட்டில் நாட்டுப்படகின் தவறும் ஏற வேண்டும்.


பாசிக்காரி எழுதியது:

நான் பாம்பன் பக்கம். 14 வயதிலிருந்து கடல்பாசி எடுக்கிறேன். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்கிற பாசிகள். கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு முங்க வேண்டும்.

நீங்கள் எல்லோரும் காவல்காரன் பக்கம் நின்று பேசுகிறீர்கள். நான் பிடிபட்ட பக்கம். தீவைச் சுற்றியுள்ள கடல் பூங்கா ஆன பிறகு எங்கள் மூட்டையைப் பிடுங்கியிருக்கிறார்கள், தண்ணீரிலேயே கொட்டச் சொல்லியிருக்கிறார்கள். கொட்டச் சொன்னவர்களில் ஒருவன் எங்கள் தெருப் பையன். தினக்கூலிக்குச் சேர்ந்திருந்தான். அவன் அம்மாவும் அன்று எங்களோடு பாசிக்கு வந்திருந்தாள். அவளுடைய மூட்டையையும் சேர்த்துத்தான் கொட்டினான். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று இரவு அவனுக்குச் சோறு வைக்கவும் இல்லை.

பிறகு நாங்களே கூடிப் பேசி மாதத்துக்கு 12 நாள்தான் எடுப்பது, இரும்பு வைத்துச் சுரண்டக் கூடாது, மீன்பிடித் தடைக்காலத்தில் நாங்களும் நிறுத்துவது என்று கட்டுப்பாடு வைத்தோம். சங்கம் வைத்து, அடையாள அட்டையும் கேட்டுப் போராடி வாங்கினார்கள். சின்னப்பாலம் லட்சுமி அம்மாவுக்கு 2015-இல் அமெரிக்காவில் விருது கொடுத்தார்கள், பேப்பரில் வந்தது. அந்தக் கட்டுப்பாட்டைக் காக்க யாரையும் நியமிக்கவில்லை. 13-ஆம் நாள் ஒருத்தி கண்ணாடியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் தெருவில் எல்லோரும் பார்ப்போம். பார்த்தால் போதும்.

ஆனால் இது பக்கத்துத் தெருக்காரிக்குச் செல்லும். எங்கிருந்தோ வரும் விசைப்படகுக்கு உங்கள் தெருவின் பார்வை உறைக்காது. அதனால் ஐயா சொன்ன நோட்டு வேண்டும்தான். நோட்டை எழுதுகிற பையனுக்குச் சோறு போட ஓர் ஆளும் வேண்டும்.


தென்கடல் எழுதியது:

பாசிக்காரி அக்கா சொன்ன சோற்றுக் கதையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பிறந்தது மணப்பாடு, இருப்பது நியூசிலாந்தில் ஆக்லாந்து. இங்கே சம்பளம் இல்லாத கௌரவ மீன்வள அலுவலர்கள் உண்டு. 1996-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலேயே அவர்களுக்கு இடம் இருக்கிறது. நானும் சில வருடம் இருந்தேன்.

எனக்குக் கொடுத்தது அட்டை மட்டும் அல்ல, ஐயா சொல்லும் அந்த ஆணை. பையைத் திறந்து காட்டச் சொல்ல, மீனை அளக்க, அளவு குறைந்ததைப் பறிமுதல் செய்ய அதில் அதிகாரம் உண்டு. ஆனால் நாங்கள் பார்ப்பது பொழுதுபோக்குக்கும் வீட்டுச் சமையலுக்கும் பிடிக்கிறவர்களைத்தான். இங்கே கடலில் தூண்டில் போட உரிமம் எதுவும் வேண்டாம். எண்ணிக்கையும் அளவும்தான் கட்டுப்பாடு. பாவா என்கிற கடல் நத்தை பொதுவாக 125 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஆக்லாந்துப் பக்கம் ஸ்னாப்பர் மீன் 30 சென்டிமீட்டர், ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏழு. பெரிய வணிகப் படகுகள் முழுநேர அலுவலர்களின் வேலை. தன்னார்வலனை இழுவைப் படகுக்கு எதிரே நிறுத்த யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். இரண்டு பேராகத்தான் போவோம். குரல் உயர்ந்தால் விலகி வந்து தகவல் சொல்ல வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

மாமா பிரச்சினை இங்கேயும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, படகுத்துறையில் ஒரு குடும்பம், வாளியில் கையளவு ஸ்னாப்பர் பதினொன்று. நான் ஆங்கிலத்தில் தொடங்கினேன். அவர் என் சட்டையில் இருந்த பெயரைப் படித்துவிட்டுத் தமிழில், “அண்ணே, நம்ம ஊர்க்காரராக இருந்துகொண்டு…” என்றார். என் கையில் அளவுகோல் அப்படியே நின்றது. கூட வந்த மாவோரிக்காரர் ஒன்றும் கேட்காமல் அளவுகோலை என்னிடமிருந்து வாங்கி மிச்சத்தை அளந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. புரிந்துவிட்டது.

அவர்கள் இனத்தில் கைத்தியாக்கி என்று காவலர்கள் உண்டு. குறிப்பிட்ட கடற்பகுதிக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பது அந்த மக்கள், உறுதிசெய்வது அமைச்சர். 1998-இல் வந்த விதி. ஊர் தேர்ந்தெடுத்து அரசு ஆணை கொடுக்கும் இந்த முறை நம் ஊர்க் கமிட்டிகளுக்குப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றும்.


மூன்றுநாள் கடல் எழுதியது:

ஊர் தேர்ந்தெடுத்தால், எந்த ஊர்? இங்கே ஒரே துறைமுகத்தில் எத்தனை சங்கம் என்று அந்த அண்ணனுக்குத் தெரியாது. சரி, நோட்டுக்கு நான் எதிர்ப்பு இல்லை. என் படகின் எண்ணைச் சாக்குப் போட்டு மூடியதும் இல்லை.

ஒன்று மட்டும். இரவில் உங்கள் வலை எங்கே கிடக்கிறது என்று எங்கள் ஓட்டுநருக்கும் தெரியாது. மிதவையில் ஒரு சின்ன விளக்கு கட்டினால் ஒதுங்கிப் போகிறவன் ஒதுங்குவான்.


நண்டுவலை வீட்டுப் பெண் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதினைந்து நாள் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

ஐயா எழுதியதை அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து முழுவதும் படித்தார். ‘மேற்படி நபர் இத்துறையின் பணியாளர் அல்லர்’ என்ற வரியை மட்டும் இரண்டு முறை படித்தார். மறுநாள் கமிட்டியில் அதை வாசித்தார்கள். சிலருக்குப் பிடிக்கவில்லை. “பயந்தாங்கொள்ளி ஊர் என்று பெயர் வரும்” என்றார் ஒருவர். அவருக்குப் பெண் பிள்ளைகள் மட்டும்தான் என்று அம்மா வீட்டுக்கு வந்து சொன்னாள்.

கடைசியில் மனு எழுதினோம். ஐயா சொன்ன ஐந்து கேள்விகளும் அதில் இருக்கின்றன. நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கியாயிற்று. வல்லத்தில் காவல் போவதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கரையில் மட்டும் இருவர். ஒரு ரூல்டு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். அவசரமென்றால் கூப்பிட 1093, கடலில் ஆபத்து என்றால் 1554, இரண்டையும் அட்டையில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். மிதவை விளக்கைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். “விளக்கு வைத்தால் வலையைத் திருடுகிறவனுக்கும் தெரியுமே” என்றார். ஆனாலும் இரண்டு விளக்கு வாங்கி வந்து ஒன்றைக் கட்டிப் பார்த்தார். ராமேசுவரத்து அண்ணனிடம் சொல்லச் சொன்னார்.

நோட்டில் இதுவரை மூன்று பதிவுகள். முதல் இரண்டும் விசைப்படகு. மூன்றாவது எங்கள் ஊர் ஃபைபர் படகு ஒன்று, தீவுப் பக்கம் போகக் கூடாத இடத்தில் இருந்து விடியற்காலையில் வந்தது. எழுதியவன் என் தம்பி. அந்த வீட்டுக்காரர் இரண்டு நாளாக அப்பாவுடன் பேசுவதில்லை. தம்பி டார்ச் விளக்கை என்னிடம் கொடுத்துவிட்டான், அதை இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.

நேற்று அலுவலகத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. ஆறு மேல்சட்டைகள், ஆறு அட்டைகள். மனுவுக்குப் பதில் இல்லை. சட்டை எல்லாம் ஒரே அளவு, தம்பிக்கு முழங்கால் வரை வருகிறது. என்ன செய்யட்டும், ஐயா?


பழைய ரோந்துக்காரன் எழுதியது:

பெட்டியைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார்களா? போடவில்லை என்றால், ‘மனு எண் இன்னது, தேதி இன்னது, பதில் கிடைத்ததும் பெற்றுக்கொள்கிறோம்’ என்று எழுதித் திருப்பி அனுப்பச் சொல். போட்டுவிட்டார்கள் என்றால் பெட்டி கோயில் அறையிலேயே இருக்கட்டும், யாரும் உடுத்த வேண்டாம்.

அந்த மூன்றாவது பதிவில் மணி எழுதியிருக்கிறானா என்று பார்.